எண்ணாமல் விட்ட துணிகள்

அறுபதுகளின் ஆரம்பத்தில் நான் போத்தனூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். காலனியில் இரண்டு அறை வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம். முதல் குழந்தை பெண். அவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரையில் இது நடந்தது.

என் உத்தியோகமே எண்ணுவதுதான். வேகனிலிருந்து மூட்டை இறங்க இறங்க, பக்கத்தில் நின்று கதவில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குழாயில் எத்தனை குடம் பிடித்தோம், தீப்பெட்டியில் எத்தனை குச்சி பாக்கி, மனைவி பக்கத்து வீட்டுக்கு எத்தனை தரம் போய் வந்தாள், எல்லாம் எண்ணுவேன். எண்ணிக்கை தப்பினால் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இன்றும் அப்படித்தான். காலையில் விழுங்கிய மாத்திரைகளை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குழந்தைக்குத் திடீரென்று வயிற்றால் போக ஆரம்பித்தது. தண்ணீர் தண்ணீராகப் போனது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: வயிற்றைக் காயப்போட வேண்டும், பாலும் கூடாது, தண்ணீரும் கூடாது. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. உள்ளே வரவு இருந்தால்தானே வெளியே செலவு இருக்கும்? வரவை நிறுத்தினால் செலவு தானாக நிற்கும். இதை மனைவிக்கு விளக்கிச் சொன்னேன். அவள் குழந்தையின் உதட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? நான் வேலைக்குப் போனபின் எத்தனை தரம் போனது என்று தெரிய வேண்டுமே. அதனால், அழுக்கான துணி ஒவ்வொன்றையும் துவைக்காமல் வாளியில் போட்டு வை, நான் வந்து எண்ணிக்கொள்கிறேன் என்று சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் வாளியைப் பார்ப்பேன். சமையலறைக் கதவின் பின்பக்கம் கோடு போடுவேன்.

முதல் நாள் பதிமூன்று கோடு. இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் மூன்றே மூன்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலாம் நாள் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"எதுக்கு? பதிமூணு மூணாயிருச்சு. கதவைப் பாக்கலையா?"

"கணக்கு கெடக்குதுங்க. புள்ளையப் பாருங்க."

அதுவரை என்னிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. பார்த்தேன். குழந்தையின் கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அழ வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. டிபன் பாக்ஸைப் படியிலேயே வைத்துவிட்டேன். ஓடிப்போய்க் குதிரை வண்டியைக் கூட்டி வந்தேன். ஓடிய வேகத்தில் வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. மனைவி தன் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அதைக் குத்திப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினேன்.

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். குழந்தைகள் வார்டில் இருந்த சிஸ்டர் நடுத்தர வயது, உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பேச்சு. அவர் பேசினால் வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். சிரித்தால் அதற்கு மேலும் கேட்கும். கட்டிலைச் சுற்றி ஒரு பச்சைத் துணித் திரையை இழுத்து வைத்தார். இரும்புச் சட்டத்தில் மாட்டி, சக்கரம் வைத்து, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கலாக நிற்குமே, அந்த மாதிரித் திரை.

எங்களை ஒன்றும் கேட்காமல் குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். உச்சிக்குழியில் உள்ளங்கையை வைத்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டார். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "எத்தன தடவ போச்சு அம்மணி?" என்றார்.

நான் சொன்னேன். பதிமூன்று, ஏழு, மூன்று.

"மூத்திரம் போச்சா?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் நான், "அது எண்ணலைங்க" என்றேன்.

"கடசியா எப்ப என்ன குடிச்சா?"

"மூணு நாளா ஒரு சொட்டு உள்ள போகலைங்க. நான் கண்டிப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நான் அம்மணியத்தானுங்களே கேட்டேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "கேட்டுக்கு வெளிய கடை இருக்குது. பார்லி ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க. அவசரமில்ல. மெதுவாப் போயிட்டு வாங்க" என்றார்.

குழந்தை இப்படிக் கிடக்கும்போது அவசரமில்லை என்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஓட்டமும் நடையுமாகப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். திரையை விலக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே மனைவி பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அவிய ஷெட்டுக்குப் போனதும் பால் குடுத்துருவேனுங்க. ஊட்ல இருந்தா, குளிக்கற ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயித் தாப்பாப் போட்டுட்டுக் குடுப்பேன். கஞ்சித்தண்ணியத் துணில நனச்சு நாக்குல வெப்பேன். நேத்து மத்தியானத்திலருந்து அதயுங் குடிக்க மாட்டீங்கறா."

"நீ குடுத்துருப்பேன்னு அப்பவே நெனச்சேன். மூணு நாள் ஒண்ணுமில்லாம இருந்திருந்தா இந்தக் கண்ணு இப்படி முழிச்சுப் பாக்காது. சரி, நெசமா எத்தன தடவ போச்சு?"

மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூணு இல்லீங்க. நேத்துப் பத்துக்கு மேல. பால் குடுத்தா வாளில துணி சேந்து போகுதுங்க. அவிய வந்து எண்ணுவாங்க. அதான் அடுப்புக்கரிப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சு, மறுநாளு தொவச்சுப்போட்டேன்."

ஷெட்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டைக் கணக்கு முதல் தரத்திலேயே சரியாக வந்தால் மறுபடி எண்ணுவோம். யாரோ பயந்துகொண்டு சரிக்கட்டியிருப்பார்கள். மற்றவர்களின் கணக்கில் நூறு தரம் கண்டுபிடித்த விஷயம்தான் இது. என் வீட்டுக் கதவில் பதிமூன்று ஏழாகி, ஏழு மூன்றானபோது எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அந்த மூன்றை நம்பித்தான் நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த மூன்றைத்தான் சிஸ்டரிடமும் சொன்னேன். அவர் அதை நம்பியிருந்தால் என் மகள் என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்க இன்றும் எனக்குத் துணிவில்லை.

"பால் குடுத்தது சரி. அதுதான் இவள இது வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்குது" என்றார் சிஸ்டர். "துணிய ஒளிச்சது தப்பு அம்மணி. எனக்கு நெசக் கணக்கு வேணும். உன்ற ஊட்டுக்காரருக்கு வேணுமோ வேண்டாமோ, எனக்கு வேணும். டாக்டர்கிட்டப் பத்துன்னு சொல்றேன். ஊசி குத்தித் தண்ணி ஏத்தணும்."

"அவியகிட்டச் சொல்லிப்போடாதீங்க சிஸ்டர்."

"ஏன், அடிப்பாரா?"

"ஐயோ, அடிக்கறதெல்லாம் இல்லீங்க. நல்லவருதானுங்க." பிறகு அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "பேச மாட்டாரு. போன ஆடில கொடையப் பக்கத்து ஊட்டுக்குக் குடுத்து, கம்பி ஒண்ணு ஒடஞ்சு வந்துருச்சு. அதுக்குப் பதினேழு நாளு பேசலீங்க."

"பேசாம இருந்தா நிம்மதியா இருந்திருக்குமே" என்று சிஸ்டர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

அவள் சொன்ன குடை எனக்கு ஞாபகம் இருந்தது. ஒடிந்தது மூன்றாவது கம்பி என்பதும் ஞாபகம் இருந்தது. பேசாமல் இருந்தது பதினேழு நாள் என்பது எனக்குத் தெரியாது. அதை நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருக்கிறாள்.

நான் உள்ளே போகவில்லை. சத்தமில்லாமல் திரும்பி, கேட் வரைக்கும் போனேன். அங்கே குழாயடியில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு, தூரத்திலிருந்தே இருமிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் வந்து, காலில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றச் சொன்னார். சிஸ்டர் என்னிடம் மனைவி சொன்ன எதையும் சொல்லவில்லை. "நீங்க சொன்னதுக்கு மேல தண்ணி வத்தியிருக்குதுங்க" என்றார், அவ்வளவுதான். பிறகு, "இங்க வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்து, குழந்தையின் வயிற்றுத் தோலை என்னைக் கிள்ளச் சொன்னார். தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. கீழே இறங்க நேரம் எடுத்தது. உச்சிக்குழியில் என் விரலை வைத்தார். பள்ளமாக இருந்தது.

"இதுக்குக் கோடு போடத் தெரிய வேண்டியதில்லீங்க. தொட்டுப் பாத்தாப் போதும்" என்றார். கோடு விஷயத்தையும் மனைவி சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "எண்ணாம இருக்க முடியாதுன்னா ஒண்ணு பண்ணுங்க. மூத்திரத்துல நனஞ்ச துணிய எண்ணுங்க. அது ஏற ஏறத்தான் நமக்கு நல்லது. அதுக்குத் தண்ணி உள்ள போகணும். வரவு இருந்தாத்தான் செலவு" என்றார்.

அன்று முழுக்க ஒரு துணியும் மூத்திரத்தில் நனையவில்லை. மனைவி பார்லித் தண்ணீரை ஸ்பூனால் உதட்டில் விட்டுக்கொண்டே இருந்தாள். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி விட வேண்டும், நிறுத்தக் கூடாது என்று சிஸ்டர் காட்டிக் கொடுத்திருந்தார். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒரு மனுஷன் எப்படித் தவிப்பான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை, வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரம். மனைவி குழந்தையின் அடியில் கையை விட்டவள், "சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் வந்து துணியை உருவி மோந்து பார்த்துவிட்டு, கொடி மாதிரி தூக்கிப் பிடித்தார். "மூத்திரம்" என்று அவர் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். மனைவி சிரிக்கப் போனவள், முதலில் என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். பிறகுதான் சிரித்தாள். அதைப் பார்த்தபோது, திரைக்குப் பின்னால் நின்றதைவிடக் கூசிப்போனேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் சிஸ்டர் ஒவ்வொரு தாயையும் நிறுத்தி, மறுபடி இப்படி வந்தால் வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்பார். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னால்தான் விடுவார். எங்கள் முறை வந்ததும், வழக்கம்போல் என் வாய்தான் திறந்தது. சிஸ்டர் கையைக் காட்டினார். நான் மூடிக்கொண்டேன். மனைவி சொன்னாள்: பால் நிறுத்த மாட்டேன், கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன், கண்ணையும் நாக்கையும் பார்ப்பேன், துணி நனைகிறதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த 'யாரையும் கேட்காமல்' என்பது சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததா, அவளே சேர்த்ததா என்று எனக்குத் தெரியாது.

"நீங்க என்னங்க செய்வீங்க?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

"வண்டி கூட்டியாறேனுங்க" என்றேன். வார்டே சிரித்தது.

அதற்கப்புறம் நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். கதவுக் கோடுகளைத் துடைத்துவிட்டேன். அடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது குறுக்கே நிற்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு அற்ப விஷயத்துக்கு மறுபடி பேசாமல் இருந்தேன். அந்தத் தடவை எண்ணினேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் நானாகவே, "தண்ணி வந்துருச்சா" என்று கேட்டேன். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி, "வந்துருச்சுங்க" என்றாள். திரைக்குப் பின்னால் நின்று கேட்டதை மட்டும் அவளிடம் சொல்லவே இல்லை. பயந்து பயந்து பேசினதை நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது எனக்கு எண்பத்தெட்டு. அவளுக்கு எண்பத்திரண்டு. போன மாதம் எனக்கு வயிற்றால் போயிற்று. மகளுக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாளே என்று பயம். எத்தனை தரம் போச்சு என்று மனைவி கேட்டாள். ஆறு தரம் போயிருந்தது. "ரெண்டு" என்றேன்.

அவள் என் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "கெழட்டுத் தோலு, இத நம்பறதுக்கில்ல. நாக்க நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். "ரெண்டு இல்ல" என்று சொல்லிவிட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு சொம்புத் தண்ணீரும் ஸ்பூனும் கொண்டு வந்தாள். நான் அவளுக்குப் பயந்து கணக்கை மறைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எதை நினைத்தேனோ தெரியவில்லை, வாய்க்கு வந்துவிட்டது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில, நீ சிஸ்டர்கிட்டப் பேசறப்ப, நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

"தெரியுமுங்க" என்றாள், ஸ்பூனைத் துடைத்துக்கொண்டே. "திரைக்குக் கீழ உங்க செருப்பு தெரிஞ்சுது. என்ற ஊக்குக் குத்தியிருந்துச்சே."

"எப்பப் பாத்தே?"

"அடிப்பாரான்னு சிஸ்டர் கேட்டப்ப. அப்புறந்தான் கொடையச் சொன்னேன்."

"நான் கேக்கணும்னா சொன்னே?"

"ஆமாங்க. கேட்டுட்டு உள்ள வந்து ஒரு வார்த்த பேசுவீங்கன்னு பாத்தேன். செருப்பு திரும்பிப் போயிருச்சு." ஸ்பூனை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "குடிங்க. ஆற வெச்சுக் குடிக்கறதுக்கு இது காப்பியா?"

குடித்தேன். அவள் பயந்துபோய்ச் சொன்னதை ஒளிந்து நின்று கேட்டுவிட்டேனே என்றுதான் இத்தனை காலம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னிடமே சொல்லியிருக்கிறாள். நான்தான் பதில் சொல்லாமல் அறுபது வருஷம் இருந்திருக்கிறேன். அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக எனக்கு இரண்டு அடி கூட இருக்கவில்லை என்பது, இப்போது அவள் ஸ்பூனோடு எதிரில் வந்து உட்காரும்போதெல்லாம் நெஞ்சில் உறுத்துகிறது.